ஸ்நேக் பிளான்ட் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வடசென்னை வீடுகளுக்காக

ஸ்நேக் பிளான்ட் செத்துப்போச்சு என்று யாராவது சொன்னால், முதலில் தொட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். கனத்தால் காரணம் தெரிந்துவிடும். நம் வீடுகளில் இந்தச் செடி காய்ந்து சாவது அபூர்வம். காலையில் பால் பாக்கெட் எடுக்க வரும்போதே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள், அதில்தான் போகிறது.

இதன் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. தடித்த இலைகளிலும், மண்ணுக்குள் படரும் கிழங்கு போன்ற தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும், இது இரவில் திறக்கும். அதனால் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றின் ஈரம் வேறு இருக்கிறது, தொட்டி மண் லேசில் காயாது. ஈரத்திலேயே கிடக்கும் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகல் தொடங்கும்.

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கோடையில் 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழையில் மாதம் ஒருமுறை என்பது தோராயக் கணக்கு. கடைசியில் விரல் சொல்வதுதான் சரி.

அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் ஊற்றும் பழக்கமும் இந்தச் செடிக்கு வேண்டாம். மண் புளித்து நாறும், சின்னச் சின்னப் பூச்சிகள் மொய்க்கும். ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள்.

அடுத்தது தொட்டி. கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாக வரும் பீங்கான் தொட்டிகளில் பலவற்றுக்கு அடியில் ஓட்டையே இருக்காது. மாற்றிவிடுங்கள். மண் தொட்டி நல்லது, அதன் சுவர் வழியாகவும் ஈரம் போகும். நர்சரி கறுப்புப் பையில் இறுகிய செம்மண் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்காவது ஆற்று மணலோ பெர்லைட்டோ (தண்ணீர் வடிய மண்ணில் கலக்கும் லேசான வெள்ளைக் குருணை) கலக்க வேண்டும். அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். வேருக்கும் கெடுதல், டெங்கு கொசுவும் அதில் முட்டையிடும். மழைக்காலத்தில் கார்ப்பரேஷன் ஆட்கள் வீட்டுக்குள் வந்து பார்க்கும் இடங்களில் இந்தத் தட்டும் ஒன்று.

கடலோரத் தெருக்கள் பலவற்றில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் கட்டும், இலை நுனி பழுப்பாகிக் கருகும். நுனி கருகுகிறதே, தண்ணீர் போதவில்லை போல என்று நினைத்து இன்னும் ஊற்றுபவர்கள் உண்டு, பாவம் அந்தச் செடி. மெட்ரோ வாட்டரோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ கொடுங்கள்.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வெளிச்சமும் பிரச்சினைதான். 'இருட்டில் வளரும்' என்று சொல்லி விற்கிறார்கள். உயிரோடு இருக்கும், வளராது. இருட்டில் மண்ணும் காயாது. ஜன்னலுக்கு அருகில் வையுங்கள். அதற்காக அக்னி நட்சத்திரத்தில் திடீரென்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் இலை வெளுத்து வெந்துபோகும்.

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி இலையில் கறுப்பாகப் படியும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவினால் தூசி இன்னும் ஒட்டும்.

'ராத்திரியில் ஆக்சிஜன் தரும், காற்றைச் சுத்தம் செய்யும்' என்று நம்பி வாங்குபவர்கள் நம் பகுதியில் அதிகம். மணலி, எண்ணூர் காற்றைச் சுவாசிப்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால் ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும். இரவில் இந்தச் செடி கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமிக்கும், அவ்வளவுதான். எல்லோரும் மேற்கோள் காட்டும் 1989 நாசா ஆய்வு, மூடிய சிறு அறைகளில் நடந்தது. கதவும் ஜன்னலும் திறந்து மூடும் வீட்டில் ஒன்றிரண்டு தொட்டிகளால் காற்று மாறாது. வீட்டில் ஆஸ்துமா இருந்தால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், செடியை அழகுக்கு வையுங்கள்.

இலையின் அடிப்பகுதியைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். கொழகொழவென்று பழுப்பாகி, கையோடு வந்து, வாடை அடித்தால் அது அழுகல். இலை நெட்டுவாக்கில் சுருங்கினாலும் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டாம். மண் காய்ந்திருந்தால் தாகம், ஈரமாக இருந்தால் அழுகிய வேர். அழுகியிருந்தால் செடியை வெளியே எடுத்து, கெட்ட பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலரவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் கொடுங்கள்.

மஞ்சள் ஓரம் போட்ட வகையை இலைத்துண்டு வைத்துப் பெருக்கினால் புதுச் செடி வெறும் பச்சையாகத்தான் வரும். மஞ்சள் வேண்டுமென்றால் பக்கக் கன்றைக் கிழங்கோடு பிரித்து நடுங்கள். நாயும் பூனையும் இலையைக் கடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அவை வளரும் வீட்டிலும், தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலும் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.