கிண்டர் டவுன்ஃபால் அருவிக்கு முதல் தடவை நடக்கப் போகிறீர்களா?

மான்செஸ்டர் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் எங்கேயாவது அருவி பார்க்கப் போகலாமா என்று கேட்டால் நான் கை காட்டுவது கிண்டர் டவுன்ஃபாலைத்தான். டார்பிஷரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் மேற்கு ஓரத்தில், ஹேஃபீல்ட் என்கிற சின்ன ஊருக்கு மேலே இருக்கிறது. சுமார் 30 மீட்டர் உயரம், பீக் டிஸ்ட்ரிக்டிலேயே உயரமான அருவி இதுதான். கீழே நீர்த்தேக்கம், மேலே மரமே இல்லாத பழுப்பு நிற மூர் நிலம், இரண்டுக்கும் நடுவே பாறை விளிம்பு, அந்த விளிம்பிலிருந்துதான் தண்ணீர் விழுகிறது. குளிக்கிற அருவி இல்லை, நடந்து போய்ப் பார்க்கிற அருவி. ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

பூட்ஸ் வாங்குவதற்கும் முன்னால் இதை யோசிக்க வேண்டும். மலை உச்சியில் கொஞ்ச தூரமே ஓடிவருகிற ஒரு சிற்றாறுதான் இந்த அருவிக்குத் தண்ணீர் தருகிறது. இரண்டு மூன்று வாரம் மழை இல்லாவிட்டால் பாறையில் ஈரக்கோடு மாதிரி வழியும், அவ்வளவுதான். நல்ல மழை பெய்தால் ஒரே இரவில் நிரம்பிவிடும். இன்னொன்று காற்று. அருவி மேற்கைப் பார்த்த ஒரு பாறை வளைவுக்குள் இருப்பதால், மேற்கிலிருந்து பலமாக அடிக்கிற காற்று அந்த வளைவுக்குள் நுழைந்து மேலே திரும்பும்போது, விழுகிற தண்ணீரையும் அப்படியே தூக்கி உச்சிக்கு மேல் வெண்புகையாக வீசிவிடும். தண்ணீர் மேல்நோக்கிப் போவதைப் பல மைல் தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

சிக்கல் என்னவென்றால், அருவி அருமையாக இருக்கிற நாளும் மலை ஆபத்தாக இருக்கிற நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடும். நான் முதல் முறை போனது ஓர் அக்டோபர் மாதம், கொட்டுகிற மழையில். மேலே ஏறியதும் மேகம் இறங்கிவிட்டது. அருவியின் சத்தம் கேட்டது, ஆனால் முன்னால் நடந்தவரின் முதுகுகூடத் தெரியவில்லை. வந்த வழியே திரும்பி இறங்கினோம். அடுத்த வாரம், மழை நின்ற மறுநாள் காலை போனபோதுதான் முழு அருவியையும் பார்த்தேன். அதனால் நான் சொல்வது இதுதான்: மழை பெய்த மறுநாள், மிதமான காற்று, மேகம் 700 மீட்டருக்கு மேலே. பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆபீஸ், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைக்கென்றே தனியாக ஒரு முன்னறிவிப்பு தருகிறது, மேகத்தின் உயரம் அதில் இருக்கும். ஊர் வானிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அப்புறம், டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். முதல் நடையை ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு

சுற்றுப்பாதை சுமார் 13 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 450 மீட்டர். மலை நடைக்கு 1892-லிருந்தே புழங்கிவருகிற ஒரு கணக்கு உண்டு, நைஸ்மித் விதி என்பார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அப்படிப் பார்த்தால் மூன்றே கால் மணியிலிருந்து மூன்றரை மணி வரும். இது பழகிய கால்களுக்கான கணக்கு. புதியவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் சாப்பாடு, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. காலை ஒன்பதரைக்கு நடக்க ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

என்ன கொண்டுபோவது

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் காயும் பேன்ட், கணுக்காலைப் பிடிக்கிற நீர்புகாத பூட்ஸ், மழைக்கோட்டு, கூடுதலாக ஒரு ஸ்வெட்டர், குல்லா, கையுறை (ஜூனிலும்கூட). தலைவிளக்கு, விசில், பவர்பேங்க், ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொள்ளுங்கள், ஆறினாலும் சாப்பிடலாம். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஓஎல்1 என்கிற 'டார்க் பீக்' வரைபடமும் ஒரு திசைகாட்டியும் அவசியம். போனில் மேப் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும், ஈரக் கைக்குத் தொடுதிரையும் சரியாக வேலை செய்யாது.

இனி பாதை

ஹேஃபீல்டிலிருந்து கிண்டர் ரோடில் ஒன்றரை கிலோமீட்டர் போனால் போடன் பிரிட்ஜ் கார் நிறுத்தம் வரும், பழைய கல்குவாரி அது. அங்கே பாறையில் பதித்திருக்கிற பலகையை ஒரு நிமிடம் நின்று படியுங்கள். இந்த மலை ஒரு காலத்தில் பணக்காரர்கள் கிரவுஸ் பறவை வேட்டைக்காகப் பூட்டிவைத்த நிலம். 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற இளைஞர் தலைமையில், மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் இங்கே கூடி, தடையை மீறி ஏறினார்கள். அதற்காக ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நாம் இன்று ஏறப்போவதும் அவர்கள் ஏறிய அதே பள்ளத்தாக்கில்தான். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆற்றை ஒட்டியே போனால் நீர்த்தேக்கத்தின் வாயிற்கதவு வரும். அதற்குள் போகாமல் இடதுபக்கம் ஏறும் கல்பாவிய பாதையைப் பிடியுங்கள். கொஞ்சம் மூச்சு வாங்கும். மேலே ஏறியதும் வலதுபுறம் கீழே நீர்த்தேக்கம் விரியும். 1912-இல் கட்டி முடித்தது. தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும், அழுக்கு இல்லை. மேலே இருக்கிற பீட் என்கிற கரிமண்ணில் ஊறி வருவதால் வந்த நிறம். கோடையில் யாராவது இறங்கிக் குளிக்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். வெயில் நாளிலும் ஆழத்தில் தண்ணீர் உறையக் குளிராக இருக்கும், நீச்சல் தெரிந்தவர்களுக்கே மூச்சு அடைத்துவிடும். இந்த இடத்தில் நின்று எதிரே மலை விளிம்பைப் பாருங்கள், ஒரு வெட்டு மாதிரி தெரிகிறதே, அதுதான் அருவி.

நீர்த்தேக்கத்தின் மறுமுனையில் வில்லியம் கிளஃப் தொடங்கும். கிளஃப் என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில் குறுகிய பள்ளத்தாக்கு. ஓடையை இங்கேயும் அங்கேயுமாகப் பல தடவை தாண்ட வேண்டும். கல் வழுக்கும். தாண்ட முடியாத அளவுக்கு ஓடை பெருகியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், மேலே எல்லாமே இதைவிடக் கடினம்.

ஓடை முடிகிற இடம் ஆஷப் ஹெட். அங்கே வழிகாட்டிக் கம்பம் இருக்கும், வலதுபுறம் திரும்பி செங்குத்தான கல்படிகளில் ஏறினால் மேட்டுநிலம் வந்துவிடும். இனி அருவி வரை பென்னைன் வே என்கிற நெடும்பாதை, 431 கிலோமீட்டர் நீளமானது, அதில் ஒரு சின்னத் துண்டைத்தான் நாம் நடக்கிறோம். விதி ஒன்றே ஒன்று: சரிவு எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். விளிம்பை விட்டு இடதுபக்கம் உள்ளே போகாதீர்கள். கரிமண் மேட்டுக்குள் ஆளுயரத்துக்கு வெட்டு வெட்டான பள்ளங்கள், மேகம் மூடினால் திசையே தெரியாது. இந்த மண்ணைப் பக்கத்து ஆலைகளின் புகை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நாசமாக்கிவிட்டது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசி செத்துப்போனது. இப்போது வாய்க்கால்களைக் கல் வைத்து அடைத்து, பாசியைத் திரும்ப நட்டு வளர்க்கிறார்கள். உங்கள் கால் பாதையிலேயே இருக்கட்டும்.

சுமார் இரண்டரை கிலோமீட்டரில் அருவியின் தலைக்கு வருவீர்கள். பாதை உள்ளே வளைந்து ஆற்றைத் தாண்டும். தாண்டும் முன் விளிம்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து சாப்பிடுங்கள். காற்று இருந்தால் பாறை மறைவு தேடுங்கள், இல்லையென்றால் தூக்கி வீசுகிற அருவித் தண்ணீர் புளியோதரையில் விழும். படத்துக்காக ஈரப்பாறையின் நுனிக்குப் போகவே கூடாது.

ஆற்றைத் தாண்டி மறுபடி விளிம்போடு தெற்கே போனால் கிண்டர் லோ, 633 மீட்டர், வெள்ளைத் தூண் ஒன்று நிற்கும். அங்கிருந்து எடேல் கிராஸ் என்கிற பழைய கல்சிலுவைக்கு இறங்கி, வலதுபக்கம் மதில்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையைப் பிடித்தால் அது போடன் பிரிட்ஜுக்கே கொண்டுவந்து விடும். ஆடுகள் மேயும் இடம், நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டு வாருங்கள்.

ஆபத்து என்றால்

999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், பணம் கேட்பதில்லை. கிளம்பும் முன் வீட்டிலிருந்தே 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் 999-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பதிந்துவையுங்கள், சிக்னல் மங்கலாக இருக்கும்போது பேச முடியாவிட்டாலும் செய்தி போய்விடும். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, குழந்தைகளின் தலைமுடி எல்லாவற்றையும் உண்ணிக்காகத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள், இரண்டு நாளில் காய்ந்துவிடும்.