மனுவில் மசாலா வேண்டாம்

போன வாரம் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் இரண்டு தம்பிகள் போலீஸ் அடித்ததாகப் புகார் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்து. தேதி போடுவது, நகல் வைப்பது, ஒப்புகைச் சீட்டு வாங்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். அடிபட்டவருக்காக மனு எழுதும்போது செய்யக் கூடாத தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

அடியைக் கூட்டி எழுதுவது

அன்றைக்கு நான் மனு எழுதிக் கொடுத்தவர் முந்திரிக்காட்டில் கூலி வேலை பார்ப்பவர். ஸ்டேஷனில் இரண்டு பேர் லத்தியால் உள்ளங்காலில் அடித்து, செருப்புக்குள் கால் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் ‘ஐந்து போலீஸ்காரர்கள், இரவு முழுக்க, இரும்புக் கம்பியால்’ என்று எழுதிவிட்டேன். “ரெண்டு பேருதான் சார்” என்றார். “இருக்கட்டும்ணே, அப்பத்தான் எடுபடும்” என்றேன்.

ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியில் (காயத்தோடு வருபவர் சொல்வதை டாக்டர் எழுதிவைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்) அவர் டாக்டரிடம் சொன்னது அப்படியே இருந்தது: தெரிந்த இரண்டு நபர்கள், தடி. எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “இதில் எது பொய்?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். நிஜமாக வாங்கிய அடியும் அதோடு பொய்யாகிப் போனது. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்கும் சேர்த்து அவர்தான் டீக்குக் காசு கொடுத்தார்.

முதலில் ஏ.ஆர். காப்பி, அப்புறம்தான் மனு. கூட வந்த போலீஸ் பக்கத்தில் நின்றதால் டாக்டரிடம் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லியிருந்தால் அதையும் மறைக்காமல், யார் நின்றார் என்பதோடு எழுதிவிடுங்கள். நம்மூர் ஸ்டேஷன் பாத்ரூம் எவ்வளவு வழுக்கும் என்று நீதிபதிகளுக்கும் தெரியும்.

கேமரா பதிவை அப்புறம் கேட்கலாம் என்பது

ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அதே வருடம் ஜூனில் சாத்தான்குளத்துக்கு விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டது, தினமும் தானாக அழியும்படி வைத்திருந்த பதிவை. அதனால் அடி விழுந்த அன்றைக்கே பதிவை எழுத்தில் கேளுங்கள்.

துறை விசாரணை முடியட்டும் என்று காத்திருப்பது

போலீஸ் துறை தன் ஆளைத் தானே விசாரித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள்; மனித உரிமை ஆணையத்துக்கு மனு கொடுக்கச் சம்பவத்திலிருந்து ஒரு வருடம்தான் கெடு.

சமரசம் பேச உட்காருவது

உட்காராதீர்கள்.

சீக்கிரம் முடியும் என்று வாக்குக் கொடுப்பது

கம்மாபுரம் காவலில் ராஜாக்கண்ணு இறந்தது 1993இல், போலீஸ்காரர்களுக்குத் தண்டனை வந்தது 2006இல். குடும்பத்திடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, அப்புறம் கையெழுத்து வாங்குங்கள்.