கேரம் போர்டைச் சுற்றி நிற்பவர்கள் செய்யும் தவறுகள்

கேரம் கிளப்பில் ஆடுகிறவர்கள் இரண்டு பேர் என்றால் ஆடச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எட்டுப் பேர். கிரிக்கெட் பார்க்கிறவர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார். கேரம் பார்க்கிறவரின் மூச்சுக்காற்றே பலகையில் படுகிறது. அதனால் வாயைத் திறக்காமலேயே அவரால் ஓர் ஆட்டத்தைக் கெடுத்துவிட முடியும்.

முதலில் கை. போட்டிப் பலகை சுமார் 74 செ.மீ. சதுரம், பாக்கெட்டின் விட்டம் 4.45 செ.மீ., காயின் விட்டம் அதிகபட்சம் 3.18 செ.மீ. காய் பாக்கெட்டின் நட்டநடுவில் நுழைந்தாலும் பக்கத்துக்கு ஆறு மில்லிமீட்டர் சொச்சம்தான் மிச்சம். விளிம்பில் தொங்கிக்கொண்டு நிற்கும் காய்க்கு அதுவும் கிடையாது. ஃபிரேமில் ஒருவர் முழங்கையை ஊன்றினாலோ, ஸ்டாண்டின் காலில் முட்டியை இடித்தாலோ அது உள்ளே விழும். யார் கணக்கில் சேர்ப்பது? எடுத்து வைப்பதானால் எந்த இடத்தில்? எவ்வளவு நேர்மையாகத் திருப்பி வைத்தாலும் அது உத்தேசமான இடம்தான். ஆடுகிறவர் போட்டு வைத்திருந்த திட்டம் போனது போனதுதான். ஃபிரேமைத் தொடாதீர்கள். டீ கிளாஸ், போன், சாவிக்கொத்து எதையும் அதன்மேல் வைக்காதீர்கள்.

அடுத்தது விளக்கு. பலகைக்கு நேர்மேலே தாழ்வாகத் தொங்கும் மூடியிட்ட பல்புதான் கிளப்பில் வெளிச்சம். காயை உற்றுப் பார்க்கிறேன் என்று தலையை உள்ளே நீட்டினால் உங்கள் நிழல் காய்மேல் விழுகிறது. தலை மூடியில் பட்டுவிட்டால் இன்னும் மோசம்: விளக்கு ஆட, காய்களின் நிழலும் சேர்ந்து ஆடும். கண்ணால் கோடு போட்டுச் சுண்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை.

எங்கே நிற்பது? ஆடுகிறவர் குறிபார்க்கும் பாக்கெட்டுக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். நான்கு மூலையிலும் பாக்கெட் இருப்பதால் மூலைகளை ஒட்டி நிற்பதே கூடாது என்று ஆகிறது. ஒற்றையர் ஆட்டத்தில் பக்கவாட்டு இடங்கள் இரண்டும் காலியாக இருக்கும். அங்கே பலகையிலிருந்து மூன்று அடி தள்ளி, முடிந்தால் உட்கார்ந்து பாருங்கள். நின்றுதான் ஆக வேண்டும் என்றால் ஸ்ட்ரைக்கரை (சுண்டும் பெரிய காயை) பேஸ் லைனில், அதாவது ஆடுகிறவர் பக்கத்து இரட்டைக் கோட்டில், வைத்ததிலிருந்து காய்கள் ஓடி நிற்கும்வரை இடம் மாறாதீர்கள். காய் எந்த மூலைக்குப் போகும் என்று ஊகித்து அந்தப் பக்கம் நகரும் பழக்கம் பலருக்கு உண்டு. அதுவும் ஒருவகைச் சைகைதான். எதிராளிக்கு எரிச்சல் வருவது நியாயம்.

போரிக் பவுடர் விஷயத்தில் வழவழப்பு முக்கியம். பலகை முழுக்க ஒரே மாதிரி மெல்லிசாகப் படர்ந்திருந்தால்தான் காய் ஒரே சீராக ஓடும். வியர்வைச் சொட்டு, குளிர்ந்த பாட்டிலில் இருந்து வடியும் நீர், வாயால் ஊதும்போது தெறிக்கும் எச்சில் எது பட்டாலும் பவுடர் அந்த இடத்தில் பசையாகி, காய் அங்கே வந்து திக்கும். சென்னைப் புழுக்கத்தில் குனிந்து பார்க்கிறவரின் நெற்றியே போதும். பஜ்ஜி தின்ற கையால் காயை எடுத்துத் தருவதும் இதே கதைதான்: எண்ணெய் பட்ட காய் மற்றவற்றைப் போல வழுக்காது. பவுடர் குவிந்திருப்பது கண்ணில் பட்டால் நீங்களாகத் தட்டிவிட வேண்டாம், ஆடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். குழந்தைகளைக் கூட்டி வந்தால் பவுடர் டப்பா அவர்கள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். அது முகப்பவுடர் இல்லை, வாய்க்குள் போகக் கூடாத பொருள்.

இனி வாய்க்கு வருவோம். கேரத்தில் எந்தக் காயை, எந்த வரிசையில், எந்தப் பாக்கெட்டுக்கு என்று முடிவெடுப்பது பாதி ஆட்டம். “கட் அடி”, “ரெட்டை (நடுவில் வைக்கும் சிவப்புக் காயை) இப்பவே எடு” என்று நீங்கள் சொன்னால் அந்தப் பாதியை நீங்கள் ஆடிவிட்டீர்கள். இரட்டையரில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் ஜோடியே ஒருவருக்கொருவர் யோசனை சொல்லக் கூடாது, பின்னால் நிற்பவருக்கு மட்டும் என்ன உரிமை? ஸ்ட்ரைக்கர் வைத்த இடத்தைப் பார்த்து “ம்ஹும்” என்று உச்சுக்கொட்டுவதும் யோசனைதான். வைத்தவர் உடனே இடம் மாற்றுவார், பாருங்கள். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் ஆடும்போது இது இருமடங்கு கெடுதல். வடசென்னையின் கேரம் போர்டுகளில் ஆடி வளர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அந்த மாதிரி மேடையில் காதருகே வந்து சொல்லித்தர ஆள் இருக்காது. பிறர் சொல்லிச் சொல்லியே ஆடிய பிள்ளைக்குத் தானாக போர்டைப் படிக்கத் தெரியாது.

கைதட்டலில் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. தன் காயை விழ வைத்தவருக்கே அடுத்த அடியும். போட்டி விதிப்படி ஓர் அடிக்கு 15 விநாடிதான். ஒவ்வொரு காய்க்கும் நீங்கள் விசிலடித்தால், நீங்கள் பாராட்டுகிற ஆளின் நேரத்தைத்தான் தின்கிறீர்கள். ரெட் விழுந்ததும் வரும் ஆரவாரம்தான் இதில் மோசமானது. அடுத்து அவர் ஃபாலோ போட்டாக வேண்டும், அதாவது தன் காய் ஒன்றையும் விழ வைக்க வேண்டும், போடாவிட்டால் ரெட் திரும்பவும் நடுவுக்கு வந்துவிடும். போர்டு (அந்தச் சுற்று ஆட்டம்) முடியட்டும், பிறகு தட்டுங்கள்.

தப்பு நடந்ததைப் பார்த்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஸ்ட்ரைக்கர் பேஸ் லைனின் இரண்டு கோட்டையும் தொடவில்லை, அல்லது கோட்டு முனையின் வட்டத்தைப் பாதி மறைத்தபடி இருந்தது. நடுவர் இருந்தால் அது அவர் வேலை. நடுவர் இல்லாத கிளப் ஆட்டத்தில், இருவரும் சேர்ந்து கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், “பட்டிருக்கும்” என்பது பார்த்தது ஆகாது. தெரியாவிட்டால் “கவனிக்கலை” என்பது மரியாதையான பதில்தான். டீக்குப் பந்தயம் கட்டியவர் சாட்சி சொல்லவே வேண்டாம்.

உதவி என்று நினைத்துச் செய்யும் இரண்டு காரியங்களும் இதோடு சேர்த்தி. காய் ஒன்று செங்குத்தாக நின்றாலோ, இன்னொன்றின்மேல் ஏறிக் கிடந்தாலோ அதை அப்படியே விட்டுத்தான் ஆட வேண்டும். தட்டிப் படுக்க வைக்காதீர்கள். அதேபோல, வலையில் விழுந்த காய்களை எடுத்து அடுக்கி வைக்காதீர்கள். எத்தனை விழுந்தது, டியூ (தப்புக்கு அபராதமாகத் திருப்பி வைக்கும் காய்) கட்டியாயிற்றா என்று சண்டை வந்தால் அந்த வலைதான் கணக்குப் புத்தகம்.

அதே அறையில் செஸ் மேசை இருந்தால் அங்கே விதி இன்னும் கறார். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் சட்டப்படி, முறைகேடு ஒன்றைக் கண்டவர் நடுவரிடம் மட்டுமே சொல்லலாம். ஆட்டம் முடித்த வீரரும் அந்த நிமிடத்திலிருந்து பார்வையாளர்தான். நடுவர் அனுமதி இல்லாமல் ஆடுகளத்தில் யாரும் போனைப் பயன்படுத்த முடியாது. முடிந்த ஆட்டத்தை அலசிப் பார்க்க வேறு அறைக்குப் போக வேண்டும். கேரம் பக்கம் போன் தடை இல்லாத கிளப்பிலும், வீடியோ எடுக்குமுன் இருவரிடமும் கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பலகைக்கு மேலே கையை நீட்டியும் எடுக்காதீர்கள்.

அடுத்த போர்டு உங்களுக்கு என்றால் சிலேட்டில் பெயரை எழுதிவிட்டு உட்காருங்கள். “இன்னும் மூணு காய்தான்” என்று எண்ணிக்கொண்டே நாற்காலிக்குப் பின்னால் நிற்பது, ஆடுகிறவரை எழுந்திரு என்று சொல்வதற்குச் சமம். அந்த நேரத்தில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, உலரவிட்டு வாருங்கள்.