‘நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்’: குடித்துவிட்டு வண்டி எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

குடித்தவரிடம் நண்பர்கள் வண்டிச் சாவியைக் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “நான் ஸ்டெடியாத்தான்டா இருக்கேன்.” அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார். மது உள்ளே போனதும் சீக்கிரம் மங்குவது தன்னைப் பற்றிய அந்தக் கணிப்புதான். ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, குடித்தவர் தள்ளாடுகிறாரா என்று கேட்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். நேராக நடந்து காட்டினாலும் அந்த எண் குறையாது.

அந்த 30 எவ்வளவு சின்ன அளவு என்பது பலருக்குத் தெரியவில்லை. “பீர்தானே, தண்ணி மாதிரி” என்பார்கள். 8 சதவீத ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீர் பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. எடையில் சுமார் 41 கிராம். 42.8 சதவீத பிராந்தியில் 30 மில்லி பெக் ஒன்றுக்கு 10 கிராம்தான் வரும். அதாவது, அந்த ஒரு பீர் நான்கு பெக்குக்குச் சமம். 65 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் அதை மளமளவென்று குடித்தால், ரத்தத்தில் 90 மில்லிகிராமைத் தொட்டுவிடலாம். சட்டம் விட்டுக்கொடுக்கும் அளவைப் போல மூன்று மடங்கு.

அடுத்தது காலை நேரத் தவறு. நல்ல பழக்கமுள்ளவர்கள்கூட இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கல்யாண வீட்டில் ஒருவர் முந்தின நாள் இரவு நண்பர்களோடு குடித்துவிட்டு, பொறுப்பாக அங்கேயே படுத்துவிடுகிறார். விடிந்ததும் குளித்து, காபி குடித்து, சொந்தக்காரர்களைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்துவரக் காரை எடுக்கிறார். கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். பொதுவாக மணிக்கு 15 மில்லிகிராம் குறையும், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையலாம். இரவு 12 மணிக்கு 150-இல் இருந்தவர் காலை 6 மணிக்கு 60-இல் இருப்பார். குளியலும் காபியும் மோரும் தூக்கத்தைத்தான் கலைக்கும். ஏலக்காயும் பாக்கும் வாடையை மட்டுமே மறைக்கும், போலீஸ் ஊதச் சொல்லும் கருவி அளப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றை.

சரி, வழியில் போலீஸ் நிறுத்திவிட்டார்கள். இங்கே சிலர் “ஊத மாட்டேன்” என்று அடம்பிடிப்பார்கள். ஊதாவிட்டால் ஆதாரம் இருக்காது என்பது அவர்கள் கணக்கு. தகுந்த காரணமில்லாமல் மறுப்பதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள 205-ஆவது பிரிவு இடம் தருகிறது. கைது செய்து, மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போகவும் சட்டம் அனுமதிக்கிறது. கருவி காட்டும் எண்ணில் உண்மையாகவே சந்தேகம் இருந்தால், மறுபடி ஊத வைக்கும்படியும் ரத்தப் பரிசோதனை செய்யும்படியும் அமைதியாகக் கேளுங்கள். அப்புறம் இன்னொன்று: வண்டி நகர்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஓட்ட முயல்வதும் அந்த 185-ஆவது பிரிவில்தான் வருகிறது.

“பத்தாயிரம் கட்டினால் முடிந்தது” என்று நினைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 2019 செப்டம்பர் 1-க்கு முன்பு முதல் முறை அபராதம் 2,000 ரூபாய் வரைதான். இப்போது 10,000 ரூபாய், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 15,000 ரூபாய், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை பெற்றவரின் ஓட்டுநர் உரிமத்தையும் நீதிமன்றம் குறைந்தது 6 மாதத்துக்கு முடக்க வேண்டும் என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. டாக்ஸியோ லோடு வண்டியோ ஓட்டிப் பிழைப்பவருக்கு அது அரை வருடச் சோறு.

பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் இதில் பங்கு உண்டு. குடித்தவர் ஓட்டுவதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-ஆவது பிரிவு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் இதை வைத்துத்தான் உடன் பயணிப்பவர்கள் மேலும் வழக்குப் போடுவதாக அறிவித்தது. “நான் ஓட்டலையே” என்ற பதில் எடுபடாது.

காப்பீட்டை நம்பியும் ஏமாறாதீர்கள். போதையில் ஓட்டி நொறுங்கிய சொந்த வண்டிக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். எதிரில் வந்தவர் இறந்தால், அவர் குடும்பத்துக்கு நிறுவனத்தை முதலில் கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. நண்பனுக்கு இரவல் கொடுத்த பைக் என்றால், கையைக் கடிப்பது கொடுத்தவரைத்தான்.

உயிர்போன விபத்து எதுவானாலும் ‘கவனக்குறைவு’ வழக்கோடு போய்விடும் என்று எண்ணுவதும் தவறு. 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில் அலிஸ்டர் பெரேரா ஓட்டிய கார், நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் ஏறியது. 7 பேர் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக அவருக்கு விதிக்கப்பட்ட 3 ஆண்டு சிறையை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, அந்தத் தண்டனையே மிகக் குறைவு என்றும் சொன்னது. அவர் ரத்தத்தில் இருந்த அளவு 112 மில்லிகிராம். மேலே சொன்ன பீர் கணக்கில் ஏறக்குறைய ஒன்றேகால் பாட்டில்.