லேப்டாப் திடீரென நின்றால்: பிரித்துப் பார்க்கும்போது செய்யக்கூடாதவை

நேற்றுவரை ஓடிய லேப்டாப் இன்று திரை காட்டவில்லை என்றால், கை முதலில் ஸ்க்ரூடிரைவரைத்தான் தேடும். புதிதாகப் பழுது பார்க்க உட்காருபவர்கள் செய்யும் தவறுகள் பழகியவர்களும் ஒரு காலத்தில் செய்தவைதான். அடாப்டர் சொருகியிருக்கிறதா என்பது போன்றவற்றை விட்டுவிடுவோம். சின்னப் பழுதைப் பெரிதாக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பேட்டரியைக் கழற்றாமல் உள்ளே கை வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. அடாப்டரைப் பிடுங்கியதும் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இப்போதைய லேப்டாப்களில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. ஷட் டவுன் செய்த பிறகும் போர்டின் சில பாதைகளில் மின்சாரம் இருக்கும்.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். திரை விட்டுவிட்டு மினுக்குகிறது. கேபிள் தளர்ந்திருக்கும் என்று சரியாகவே கணிக்கிறார்கள். மூடியைத் திறந்து, திரைக் கேபிளைச் சாய்வாக இழுக்கிறார்கள். அந்தக் கனெக்டரில் பேக்லைட்டுக்கு (திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் விளக்கு) போகும் பின்களில் மாடலைப் பொறுத்து 7 முதல் 19 வோல்ட் வரை வரலாம். சற்றுத் தள்ளி 3.3 வோல்ட் பாதையும், அதைவிடக் குறைந்த வோல்ட்டில் ஓடும் தரவுப் பாதைகளும் இருக்கின்றன. பின்களுக்கு நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒன்றோடொன்று உரசினால், பேக்லைட் ஃபியூஸோடு போவது நல்ல காலம். பல மாடல்களில் தரவுப் பாதை நேராக பிராசசருக்கே போகிறது. அந்தப் பிராசசரோ போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. கேபிளை அழுத்தி மாட்டியிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை, மதர்போர்டையே மாற்றுவதில் போய் முடிகிறது.

பிரித்து மாட்டிய பிறகு திரை இருண்டிருந்தால், உடனே புதுத் திரை வாங்காதீர்கள். லேப்டாப்பை ஆன் செய்து, இருட்டறையில் திரைமேல் டார்ச் அடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பேக்லைட் மட்டும்தான் எரியவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேக்லைட் ஃபியூஸை மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (பாதை அறுந்திருக்கிறதா என்று) பாருங்கள்.

செய்ய வேண்டிய வரிசை: விண்டோஸில் ஷிஃப்ட் பட்டனை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். அடாப்டரைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டர். வயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் முனையால் கனெக்டரை இரு பக்கமும் மெல்ல நகர்த்துங்கள். பிறகு பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்தால் கெபாசிட்டர்களில் தேங்கி மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். மாட்டும்போது பேட்டரிதான் கடைசி. சில மாடல்கள் அதன்பின் அடாப்டர் சொருகினால்தான் உயிர் பெறும், பயப்பட வேண்டாம்.

டக் டக் என்று அடிக்கும் ஹார்ட் டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டுவது

விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க் கோப்பு அமைப்பைத்தான் சரிசெய்யும், டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் தேய்ந்திருந்தால் அதை அல்ல. அது டிஸ்க்கை நிறையப் படிக்க வைப்பதால், மிஞ்சியிருக்கும் ஆயுளும் அதிலேயே போய்விடலாம். உடனே அணையுங்கள். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் மறுபடி ஆன் செய்யாமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

இரண்டு பாகங்களை ஒரே நேரத்தில் மாற்றுவது

எது பழுது என்று கடைசிவரை தெரியாது.

திடீரென அணைந்தால் சூடுதான் என்று முடிவுகட்டுவது

சூட்டால் அணைவது பெரும்பாலும் பிராசசர் 100 டிகிரியை ஒட்டி ஏறும்போதுதான். 50 டிகிரியில் அணைகிறது, அதுவும் லேப்டாப்பை நகர்த்தும்போது என்றால், பிராசசர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பயனில்லை. பவர் ஜாக்கையும் பேட்டரி கனெக்டரையும் பாருங்கள். அடாப்டரின் வாட்டையும் ஒப்பிடுங்கள்: 65 வாட் கேட்கும் இயந்திரம் 45 வாட்டில் சும்மா இருக்கும்போது ஓடும், வேலை ஏறும்போது திணறும்.

நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் திருகுவது

போர்டைத் துளைக்கும். கழற்றும் வரிசையிலேயே ஒரு தாளில் குத்தி வையுங்கள்.

உப்பிய பேட்டரியோடு ஓட்டுவது

டச்பேட் மேலே தூக்கினால் அதுதான். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள்.