தகதிமி கலைந்தால் நிறுத்துங்கள்: சேடில்பிரெட் பழகுவோர் செய்யும் தவறுகள்

சென்ற சனிக்கிழமை, கென்டக்கியின் ஷெல்பிவில்லுக்கு வெளியே நாங்கள் குதிரை கட்டியிருக்கும் லாயத்தில், புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர், சேடில்பிரெட் இனத்து ஐந்து நடைக் குதிரை (ஐந்து விதமாக நடக்கப் பழகியது) ஒன்றில் வட்டமடித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. இரண்டு கைகளும் மார்புவரை ஏறியிருந்தன. குதிரை வாயைப் பிளந்துகொண்டு ஓடியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஆடிய அதே கூத்து. அவரிடம் சொன்னதைத்தான் இங்கும் எழுதுகிறேன்.

தலைக்கவசம், காலணி, பின்னால் போய் நிற்காதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். முதல் நாளே யாராவது கத்திச் சொல்லிவிடுவார்கள்.

முன்னங்காலைப் பார்த்துக் குதிரை வாங்குவது

அமெரிக்கன் சேடில்பிரெட் கண்ணை மயக்கும் இனம். நிமிர்ந்து வளைந்த கழுத்து, தூக்கிய வால், முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைக்கும் நடை. அந்த உயரத்தில் ஒரு பங்கு கனமான லாடத்துக்கும், அதற்கும் குளம்புக்கும் நடுவே வைக்கும் பட்டைக்கும் சேர வேண்டியது. சாதாரண லாடம் மாற்றியதும் கால் கொஞ்சம் இறங்கும். வாங்கியவர் முகமும் இறங்கும். பின்னங்கால் எவ்வளவு தூரம் வயிற்றுக்கு அடியில் வந்து ஊன்றுகிறது என்று பாருங்கள். முதுகு நடுவில் குழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இனத்தில் சில குதிரைகளுக்கு அது பரம்பரையாக வருவது. அதனால் சவாரிக்கு உதவாது என்றில்லை. சேணம் பொருத்துவதுதான் தலைவலி. முக்கியமாக, உங்கள் அளவுக்குச் சவாரி தெரிந்த ஒருவரை ஏறச் சொல்லிப் பாருங்கள். தேர்ந்த பயிற்சியாளர் ஏறினால் எந்தக் குதிரையும் மயில்தான்.

ரேக் நடையில் வேகத்தைத் துரத்துவது

சாதாரண நடை, டிராட் (துள்ளோட்டம்), கேன்டர் (மெதுவான பாய்ச்சல்) மூன்றும் பொதுவாக எல்லாக் குதிரைக்கும் வரும். ஐந்து நடைக் குதிரைக்கு ஸ்லோ கெய்ட், ரேக் என்று இன்னும் இரண்டு பழக்குகிறார்கள். ஸ்லோ கெய்ட்டில் ஒவ்வோர் அடியும் சற்றுத் தயங்கி விழும். ரேக்கில் நான்கு குளம்புகளும் தனித்தனியாக, சம இடைவெளியில் விழ வேண்டும். கண்ணை மூடிக் கேட்டால் தகதிமி, தகதிமி. மேலே உட்கார்ந்திருப்பவர் துளியும் குலுங்க மாட்டார்.

ஆகஸ்டில் லூயிவில்லில், கென்டக்கி மாநிலக் கண்காட்சியோடு சேர்ந்து நடக்கும் உலகச் சாம்பியன் போட்டிக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஒலிபெருக்கியில் ரேக் என்று அறிவித்ததும் அரங்கமே கூவும். அதைக் கேட்டுவிட்டால் வேகப் பைத்தியம் பிடித்துவிடும். எனக்குப் பிடித்தது.

என் முதல் குதிரை ஏழு வயது, செந்நிறம், காயடித்தது. சின்னதொரு மாவட்டப் போட்டியில் அறிவிப்பு வந்ததும் முன்னால் சாய்ந்து, காலால் நெருக்கி, இரண்டு கடிவாள வார்களையும் சேர்த்து இழுத்தேன். இரண்டாவது சுற்றில் சத்தம் மாறியது: தக... திமி... தக... திமி. வேகம் கூடியதாக நினைத்துப் பூரித்துப்போனேன். உண்மையில் ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் ஒன்றாக விழத் தொடங்கியிருந்தன. மூன்று மாதத்தில் அது ரேக்கை மறந்து, ஒட்டகம் போல அசைந்து அசைந்து ஓடியது. சரிசெய்ய எட்டு மாதம் ஆனது. அத்தனை மாதமும் லாய வாடகை, பயிற்சிக் கட்டணம். பணம் போனதைவிட, சுற்றுக்குச் சுற்று குதிரை என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்ததும் நான் அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டதும்தான் இன்றுவரை எரிச்சல்.

இரட்டைக் கடிவாளத்தில் வாய்க்குள் ஸ்னாஃபிள், கர்ப் என்று இரண்டு இரும்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி வார்; இரண்டுக்கும் வேலை வேறு. ஸ்னாஃபிள் வார் தலையைத் தூக்கும். கர்ப் வார் மூக்கை உள்ளே கொண்டுவரும். இழுத்தால் தாடைக்கு அடியிலுள்ள சங்கிலி இறுகும். பயந்தவர் பிடித்துத் தொங்குவது இதைத்தான். வாய் வலித்தால் குதிரை முதுகைத் தொங்கவிடும், முதுகு தொங்கினால் பின்னங்கால் உள்ளே வராது, பிறகு நான்கு அடிக்கு எங்கே போவது?

ஆகவே ஸ்லோ கெய்ட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தகதிமி கலைந்த அந்த நொடியே சாதாரண நடைக்கு இறக்குங்கள். இன்னொரு சுற்றில் சரியாகிவிடும் என்று ஓட்டாதீர்கள். காது பழகும்வரை, பயிற்சியாளர் ஏறி லாயத்து நடைபாதையில் ரேக் ஓட்டிக் காட்டும்போது ஓரமாக நின்று கேளுங்கள். கெட்டித் தரையில் ஒவ்வோர் அடியும் பிரிந்து கேட்கும். மைதானத்து மண் சத்தத்தை விழுங்கிவிடும்.

அந்த இளைஞரை அப்படித்தான் நிற்க வைத்தேன். பத்து நிமிடம் கழித்து, "என் குதிரை இப்படிப் போகவே இல்லையே" என்றார். எனக்கு அது புரியவே ஒரு வருடம் ஆயிற்று.

வாலைச் சீப்பால் வாருவது

விரலால் ஒவ்வோர் இழையாகப் பிரியுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். சீப்பு அறுத்துப் போடும் மயிர் திரும்பி வளர வருடக்கணக்காகும்.

பிடரியில் கத்தரிக்கோல் வைப்பது

மூன்று நடைக் குதிரைக்குப் பெரும்பாலும் மழிப்பார்கள், ஐந்து நடைக்கு மாட்டார்கள். கேட்காமல் தொடாதீர்கள்.

காது நிமிரப் பிளாஸ்டிக் பையை ஆட்டுவது

வேண்டாம்.

குளம்புக் காப்பைத் தளர்வாகக் கட்டுவது

ரேக்கில் பின்குளம்பு முன்குளம்பை மிதித்தாலும் காயம் படாமல் இருக்கத்தான் அதைக் கட்டுகிறோம். தளர்ந்தால் கழன்று பறக்கும். என்னுடையது நடுவரின் காலடியில் போய் விழுந்தது.