மட்டைன்னு சொன்னா எந்த மட்டைன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

"மட்டை எங்கடா?"ன்னு வீட்டுல ஒரு குரல் வந்தா தாத்தா விறகு அடுப்பு பக்கம் பாப்பாரு, பேரன் கட்டிலுக்கு அடியில தேடுவான். ரெண்டு பேரும் சரிதான். அதனால அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டுட்டு முடிவு பண்ணாதீங்க, பின்னாடி என்ன வினை வருதுன்னு காதைக் குடுங்க. உரிச்சா தேங்காய் மட்டை, விழுந்தா தென்னை மட்டை, புடிச்சா கிரிக்கெட் மட்டை, ஆயிட்டா ஆளே அவுட்டு.

தென்னையிலதான் குழப்பம் ஜாஸ்தி, ஏன்னா ஒரே மரத்துல ரெண்டு மட்டை. ஓலையோட தடிச்ச காம்பும் மட்டை, காயைச் சுத்தி இருக்குற நாரும் மட்டை. கொல்லையில தொப்புன்னு சத்தம் கேட்டு "மட்டை விழுந்துருச்சு"ன்னா முதல் வகை, மரத்துக்கு மாசம் ஒண்ணுங்கிற கணக்குல விழும், ஓலையோட சேத்து 5, 6 மீட்டர் இருக்கும், தயவுசெஞ்சு அடியில பைக் நிறுத்தாதீங்க. பொள்ளாச்சி பக்கம் போயி "ஒரு லோடு மட்டை என்ன விலை?"ன்னு காதுல விழுந்தா அது ரெண்டாவது வகை, நார் மில்லுக்குப் போறது, அங்க பச்சை மட்டையா காஞ்ச மட்டையான்னு அடுத்த கேள்வி வரும், பச்சையில வெள்ளை நார், காஞ்சதுல பழுப்பு நார்.

பனைமட்டைன்னா ஓரத்துல ரம்பம் மாதிரி கருக்கு இருக்கும், அவ்ளோதான், கை வச்சா நீங்களே தெரிஞ்சுக்குவீங்க.

கிரிக்கெட் பேட்டுக்கு மட்டைங்கிற பேரு எப்படி வந்திருக்கும்னு ரொம்ப யோசிக்க வேணாம், ஊர்ப்பக்கம் பசங்க தென்னை மட்டையைத்தான் வெட்டிச் செதுக்கி ஆடுவாங்க, அகலமான அடிப்பக்கம் பந்தை அடிக்க, ஒல்லிப் பக்கம் கைப்பிடி. ஆனா இலங்கைத் தமிழர்கிட்ட பேசும்போது உஷார், அங்க அது துடுப்பு, ஆட்டம் துடுப்பாட்டம், முதல் தடவை கேட்டப்ப நான் படகுப் போட்டின்னே நெனச்சேன்.

வாத்தியார் ஒரு பையனைப் பாத்து "வாழமட்டை"ன்னா அங்க மரமே கிடையாது. கற்பூரம் டக்குனு பத்திக்கும், கரி கொஞ்சம் ஊதினா பத்தும், வாழமட்டை என்ன பண்ணாலும் பத்தாது, அந்தக் கணக்குல திட்டுறாரு. கட்டுரை, விவாதத்துல "மட்டையடியா சொல்லாதீங்க"ன்னா நுணுக்கம் பாக்காம எல்லாத்தையும் ஒரே போடா போடுறீங்கன்னு அர்த்தம், கிரிக்கெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

இப்ப ஆபத்தான ஒண்ணு, "மட்டை ஆயிட்டான்". குடிச்சுட்டு நினைவில்லாம கிடக்குறதுதான் இதுல முதல்ல தோணுற அர்த்தம், அசந்து தூங்குறதுக்கும் சொல்லுவாங்க. எதுன்னு புரியணும்னா யாரு சொல்றா, முன்னாடி ராத்திரி என்ன நடந்துச்சுன்னு பாக்கணும், கல்யாண வீட்டு மறுநாள் காலையில "மாப்ள மட்டை"ன்னா விளக்கமே வேணாம். நான் ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்துட்டு வந்து படுத்தவன், மறுநாள் மாமனார் போன்ல "நேத்து ஏன் மாப்ள எடுக்கல?"ன்னு கேட்டப்ப "மட்டை ஆயிட்டேன் மாமா"ன்னு வெகுளியா சொல்லிட்டேன், அந்தப் பக்கம் சத்தமே இல்ல, அரை மணி நேரத்துல மாமியார்கிட்டேருந்து என் பொண்டாட்டிக்கு போன். பெரியவங்ககிட்ட "அசந்து தூங்கிட்டேன்"னே சொல்லுங்க.